கோரையின் அக்கீனை நுண்ணோக்கியில் பார்த்துச் சிற்றினம் பிரிப்பது: முழுமையான வழிகாட்டி

கோரைகளைப் பிரித்தறிய இலையும் தண்டும் அதிகம் உதவுவதில்லை. சதுப்பின் நடுவில் நெடுநெடுவென்று வளர்ந்த செடியும், காய்ந்த ஓரத்தில் சாண் உயரத்தில் நின்ற செடியும் ஒரே சிற்றினமாக இருக்கும். அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும் இரண்டு செடிகள் வேறு வேறு சிற்றினமாக இருக்கும். இந்த இடத்தில் கைகொடுப்பது அக்கீன், அதாவது ஒரே விதை கொண்ட, வெடிக்காத, கொட்டை போன்ற சின்னக் கனி. பெரும்பாலான கோரைகளில் அது அரை மில்லிமீட்டரிலிருந்து மூன்று மில்லிமீட்டர் நீளம் வரைதான் இருக்கும். அதன் புறத்தோல் செல்களின் வடிவமும், செல்களுக்குள் படிந்த சிலிக்காக் கூம்புகளும் பல சிற்றினங்களைப் பிரித்துக் காட்டும். மண்ணும் ஈரமும் இலையை மாற்றுகிற அளவுக்கு இவற்றை மாற்றுவதில்லை.

புதிதாகக் கற்க வருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். அக்கீனுக்கு ஒரு மேற்பரப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள், இருப்பது இரண்டு. மேலே புறத்தோல் செல்லின் வெளிச்சுவர். அதற்கடியில், செல்லின் உட்சுவர் மேல் உட்கார்ந்திருக்கும் சிலிக்கா. ஒரு அக்கீனின் வெளிச்சுவர்ப் படத்தை இன்னொன்றின் சிலிக்காப் படத்தோடு வைத்துப் பார்த்தால், ஒரே செடியின் இரண்டு அக்கீன்கள்கூட இரண்டு சிற்றினம் போலத் தெரியும். கீழே உள்ள படிகளின் வரிசை முக்கியமாக இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பக்கவாட்டு விளக்குடன் கூடிய ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப், நுனி கூரான இரண்டு ஊசிகள், மெல்லிய இடுக்கி, மூடியுள்ள சின்னக் குப்பிகள், 70 சதவீத எத்தனால், அல்ட்ராசோனிக் குளியல், அதாவது ஒலியதிர்வால் அழுக்கை உதிர்க்கும் தொட்டி. ஸ்கேனிங் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில், அதாவது எஸ்இஎம்மில், நேரம் வாங்கி வைத்திருக்க வேண்டும். படத்தில் அளக்க இமேஜ்ஜே போதும். அது இலவச மென்பொருள்.

இவற்றைவிட முக்கியம், கேள்வி. "கோரைகளின் அக்கீன்களைப் படம் எடுக்கப் போகிறேன்" என்பது கேள்வி ஆகாது. "ஃபிம்பிரிஸ்டைலிஸ் என்ற கோரைப் பேரினத்தின் இந்த மூன்று சிற்றினங்களைக் கனியை மட்டும் வைத்துப் பிரிக்க முடியுமா?" என்பது கேள்வி. கோரைகளின் குடும்பமான சைப்பரேசியில் 5,000-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இருக்கின்றன. எல்லையைக் குறுக்காமல் இறங்கினால் அழகான படங்கள் சேரும், முடிவு ஒன்றும் சேராது.

2. எந்தச் செடி என்பதைக் கனியைப் பார்க்காமலே முடிவு செய்யுங்கள்

அக்கீனைத் தொடும் முன், செடியின் பெயரை மற்ற பண்புகளை வைத்து உறுதி செய்துவிடுங்கள்: மஞ்சரியின் (பூங்கொத்தின்) அமைப்பு, குளூம்களின் (ஒவ்வொரு பூவையும் மூடும் செதில்களின்) அடுக்கு, சூல்முடி இரண்டா மூன்றா, சூல்முடியைத் தாங்கும் சூல்தண்டின் அடிப்பகுதி கனியிலிருந்து உதிர்கிறதா நிற்கிறதா. பெயரையும் அக்கீனை வைத்தே சூட்டிவிட்டு, பிறகு "அக்கீன் இந்தச் சிற்றினத்தைப் பிரித்துக் காட்டுகிறது" என்று எழுதினால் அது வட்டத்தில் ஓடுவதுதான்.

ஒவ்வொரு அக்கீனுக்கும் பின்னால் ஒரு ஹெர்பேரியம் தாள், அதாவது அந்தச் செடியை உலர்த்தி ஒட்டிய தாள், இருக்க வேண்டும். பெயர் தவறென்று பிறகு தெரிந்தால் திரும்பிப் போய்ப் பார்க்க அது ஒன்றுதான் வழி. ஹெர்பேரியத்திலிருந்து அக்கீன் எடுப்பது மாதிரியைச் சேதப்படுத்தும் வேலை என்பதால் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். எத்தனை எடுத்தீர்கள் என்று தாளிலேயே குறித்து வையுங்கள்.

தாளில் ஒட்டியிருக்கும் காகித உறைக்குள் உதிர்ந்து கிடக்கும் அக்கீன்கள் ஆசை காட்டும். எடுக்க வேண்டாம். தாள்களை அடுக்கி வைக்கும்போது பக்கத்துத் தாளின் கனிகள் அதில் விழுந்திருக்கலாம். சிறுகதிரின், அதாவது குளூம்கள் அடுக்கிய சின்னக் கதிரின், குளூமை நீங்களே விலக்கி, உள்ளே உட்கார்ந்திருக்கும் அக்கீனை எடுங்கள்.

3. முதிர்ந்த அக்கீனை மட்டும் தேர்ந்தெடுங்கள்

இளம் அக்கீனில் வெளிச்சுவர் இன்னும் உப்பலாக இருக்கும், சிலிக்கா முழுதாகப் படிந்திருக்காது. முதிரும்போது செல் காய்ந்து, வெளிச்சுவர் கூம்பின் மேல் படிந்து இறங்கும். அதனால் ஒரே செடியில் பாதி முதிர்ந்த கனி மேடாகவும், முதிர்ந்த கனி நடுவில் சிறு முனையுள்ள குழியாகவும் தெரியும். இரண்டையும் இரண்டு பண்பு என்று பதிவு செய்த அட்டவணைகளை நான் திருத்தியிருக்கிறேன். முழு வேலையையும் மறுபடி தொடங்க வேண்டியிருந்தது.

எப்படித் தெரிந்துகொள்வது? முதிர்ந்த கனி அந்தச் சிற்றினத்துக்குரிய இறுதி நிறத்தில், கடினமாக, ஊசியால் லேசாகத் தள்ளினால் குளூமிலிருந்து எளிதாக விடுபடும். பல சிற்றினங்களில் சிறுகதிரின் அடியில் இருப்பவை முதலில் முதிரும், நுனியில் இருப்பவை கடைசியில். ஆகவே அடிப்பகுதியிலிருந்து எடுப்பது பாதுகாப்பு. ஊசிமுனையால் மெல்ல அழுத்திப் பாருங்கள். உள்ளே விதை இல்லாத போலிக் கனி நசுங்கிவிடும்.

மிகவும் பழகிய கோரைக்கிழங்குச் செடியான சைப்பெரஸ் ரொட்டண்டஸைப் பயிற்சிக்கு எடுப்பவர்கள் பலர். அது கிழங்கால் பரவும் செடி. முதிர்ந்த கனி அபூர்வம். பயிற்சிக்கு சைப்பெரஸ் இரியா நல்லது. மூன்று பட்டையுள்ள, அதாவது முக்கோணக் குறுக்குவெட்டுள்ள, கருங்கனிகள் ஏராளமாகக் கிடைக்கும்.

ஷோனோபிளெக்டியெல்லா பேரினத்தில் இன்னொரு பொறி உண்டு. சில சிற்றினங்களில் தண்டின் அடியில், இலையுறைக்குள்ளும் பூ பூத்துக் காய்க்கும். அந்த அடிக்கனிகள் மேலே உள்ளவற்றைவிடப் பெரியவை, வடிவத்திலும் வேறுபட்டவை. இரண்டையும் ஒரே குப்பியில் போட்டுவிடாதீர்கள்.

4. முதலில் ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்

எஸ்இஎம் அறைக்கு ஓடும் முன் 40 மடங்கில் ஒரு மணி நேரம் செலவிடுங்கள். விளக்கைத் தாழ்த்தி, ஒளி கனியின் மேல் சாய்வாக விழும்படி வையுங்கள். நேர் ஒளியில் வழுவழுப்பாகத் தெரியும் பரப்பு, சாய்வொளியில் வரியும் சுருக்கமும் காட்டும்.

இந்தக் கட்டத்தில் குறிக்க வேண்டியவை: குறுக்குவெட்டு இருபுறம் குவிந்ததா, முப்பட்டையா, நிறம், நீளம், அகலம், நுனியிலும் அடியிலும் என்ன ஒட்டியிருக்கிறது. எலியோகாரிஸில் சூல்தண்டின் அடி தொப்பி போல நுனியில் நிற்கும், அதைப் பிய்த்துவிடக் கூடாது. பல்போஸ்டைலிஸில் சிறு பொத்தான் போல ஒன்று நிற்கும். ஃபிம்பிரிஸ்டைலிஸில் சூல்தண்டு மொத்தமாக உதிர்ந்துவிடும். ஸ்கிளீரியாவில் கனி பெரும்பாலும் பீங்கான் போல வெளுத்துக் கெட்டியாக இருக்கும், பல சிற்றினங்களில் அடியில் ஒரு தட்டு அமைந்திருக்கும். அந்தத் தட்டின் விளிம்பு சிற்றினங்களைப் பிரிக்க உதவுவதால் அதையும் கனியோடு சேர்த்தே எடுங்கள்.

தட்டையான கனி என்றால் எந்தப் பக்கம் தட்டை என்பதைச் சிறுகதிரில் இருக்கும்போதே பாருங்கள். பிக்ரியஸ் குழுவில் கனி பக்கவாட்டில் நசுங்கி, விளிம்பு சிறுகதிரின் அச்சைப் பார்த்து நிற்கும். ஜன்செல்லஸ் என்று முன்பு பிரித்து வைத்திருந்த குழுவில் தட்டைப் பக்கம் அச்சைப் பார்த்து நிற்கும். கனியைக் கழற்றிய பிறகு இந்தத் தகவல் போய்விடும். எந்த மைக்ரோஸ்கோப்பாலும் மீட்க முடியாது.

கேரக்ஸ் பேரினத்தில் நீங்கள் முதலில் பார்ப்பது அக்கீனே அல்ல. அதைச் சுற்றியிருக்கும் பை. வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, ஊசியால் பையைக் கீறி, உள்ளே இருப்பதை வெளியே எடுங்கள். பையின் தோலைப் படம் எடுத்துவிட்டு அக்கீன் என்று பெயரிடுவது கேரக்ஸில் அடிக்கடி நடக்கும் தவறு.

5. சுத்தம் செய்தல்: குறைவே நல்லது

தூசி, பூஞ்சை இழை, குளூமின் துணுக்கு எல்லாம் எஸ்இஎம்மில் பாறாங்கல் மாதிரி தெரியும். 70 சதவீத எத்தனாலில் அக்கீனைப் போட்டு, அல்ட்ராசோனிக் குளியலில் 30 வினாடி வையுங்கள். ஸ்டீரியோவில் பாருங்கள். அழுக்கு இருந்தால் இன்னொரு 30 வினாடி.

"இன்னும் கொஞ்சம் சுத்தமாகட்டுமே" என்று பத்து நிமிடம் ஓடவிட்டால் வெளிச்சுவர் அங்கங்கே உரிந்துபோகும். பாதி செல்லில் சுவர், பாதி செல்லில் சிலிக்கா என்று திட்டுத் திட்டாக ஒரு பரப்பு கிடைக்கும். அதைப் பார்த்து "இரு வகைச் செல்கள் உள்ளன" என்று எழுதிவிடுவார்கள். எத்தனை வினாடி வைத்தீர்களோ அதைக் குறித்து, எல்லாச் சிற்றினத்துக்கும் அதே நேரத்தைக் கொடுங்கள்.

பிறகு வடிதாளில் வைத்துக் காற்றில் உலர்த்தினால் போதும். முதிர்ந்த அக்கீனில் நீர் குறைவு, சுவர் கெட்டி. மென்மையான திசு சுருங்காமல் உலர்த்தும் கிரிட்டிக்கல் பாயின்ட் டிரையிங் எல்லாம் சூற்பையையோ இளம் கனியையோ பார்ப்பவர்களுக்கு.

6. ஒரு சிற்றினத்தின் அக்கீன்களை இரண்டு பங்காகப் பிரியுங்கள்

ஒவ்வொரு செடியிலிருந்தும் எடுத்த அக்கீன்களில் பாதி அப்படியே படம் எடுக்க. மீதி, வெளிச்சுவரை நீக்கிப் படம் எடுக்க. இதை இப்போதே பிரித்துக் குப்பியில் போட்டு, பெயரெழுதி வையுங்கள். ஒருமுறை எஸ்இஎம்முக்காகத் தங்கப் பூச்சு ஏறிய கனியை மறுபடி எடுத்து வேதிப்பொருளில் ஊறவைத்து நல்ல படம் எடுப்பது நடைமுறையில் சரிப்படாது.

எத்தனை வேண்டும்? ஒரு சிற்றினத்துக்கு வெவ்வேறு இடங்களிலிருந்து குறைந்தது மூன்று செடி, ஒரு செடிக்கு ஒவ்வொரு பங்கிலும் மூன்று அக்கீன் என்பது நான் கடைப்பிடிக்கும் குறைந்தபட்ச அளவு. ஒரே செடியின் இருபது கனிகளைவிட, ஐந்து இடத்துச் செடிகளின் மும்மூன்று கனிகள் அதிகம் சொல்லும்.

7. ஸ்டப்பில் ஒட்டுதலும் பூச்சும்

ஸ்டப் என்பது மாதிரியை ஒட்டி எஸ்இஎம்முக்குள் வைக்கும் சின்ன மேடை. அலுமினிய ஸ்டப்பின் மேல் இருபக்கமும் ஒட்டும் கார்பன் டேப். அக்கீனை அதன் நீள அச்சு எல்லாவற்றுக்கும் ஒரே திசையில் இருக்கும்படி ஒட்டுங்கள்; நுனி எந்தப் பக்கம் என்று ஸ்டப்பின் விளிம்பில் ஒரு கீறல் போடுங்கள். முப்பட்டைக் கனி என்றால் ஒரு முகம் மேலே நோக்க வேண்டும், இரு முகங்கள் சேரும் பட்டை அல்ல. ஒரு ஸ்டப்புக்கு ஒரு வரைபடம் காகிதத்தில்: எந்த இடத்தில் எந்தக் கனி.

டேப்பில் கனி சற்றே அழுந்தி உட்கார வேண்டும். அடியில் இடைவெளி விட்டு ஒரு புள்ளியில் மட்டும் தொட்டால் மின்னேற்றம் வெளியேறாமல் படம் வெளுத்து ஆடும். பூச்சு, தங்கம் அல்லது தங்கம்-பல்லேடியம், 10 முதல் 20 நானோமீட்டர். அதைவிடத் தடித்தால் நுண்ணிய மேடுபள்ளம் மூடிக்கொள்ளும்.

8. முதல் சுற்றுப் படங்கள்: வெளிச்சுவர்

ஒவ்வொரு கனிக்கும் மூன்று படங்கள், எப்போதும் அதே மூன்று உருப்பெருக்கத்தில்: முழுக் கனி தெரிய 50 மடங்கு அளவில், செல் அடுக்கு தெரிய 500, தனிச் செல் தெரிய 1,500. சிற்றினத்துக்குச் சிற்றினம் உருப்பெருக்கத்தை மாற்றினால் கண் ஏமாறும். ஒன்றில் செல் பெரிதாக இருப்பதாகத் தோன்றும். காரணம் நீங்கள் நெருங்கிப் பார்த்ததுதான்.

இடம், முகத்தின் நடுப்பகுதி. அடியிலும் நுனியிலும் பட்டைகளின் மேலும் செல்கள் நீண்டோ குறுகியோ வேறுபடும். படம் அழகாக வந்தது என்பதற்காக ஓரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

மின்னழுத்தம் பற்றி ஒன்று. 15, 20 கிலோவோல்ட்டில் எலக்ட்ரான்கள் மெல்லிய வெளிச்சுவரை ஊடுருவி, கீழே உள்ள கூம்பின் தடத்தையும் மங்கலாகக் காட்டிவிடும். அதைப் பார்த்து வெளிச்சுவரில் மரு இருப்பதாக நினைப்பார்கள். முதல் சுற்றை 5 கிலோவோல்ட் சுற்றிலேயே எடுத்தால் மேல்பரப்பு மட்டும் தெரியும். சந்தேகம் வந்தால் அதே இடத்தை இரண்டு மின்னழுத்தத்திலும் எடுத்து ஒப்பிடுங்கள்.

9. வெளிச்சுவரை நீக்குதல்

இரண்டாம் பங்குக்கு வழக்கமான வழி, ஒன்பது பங்கு அசிட்டிக் அன்ஹைட்ரைடும் ஒரு பங்கு அடர் கந்தக அமிலமும் கலந்த கலவை. மகரந்தம் பார்ப்பவர்கள் பயன்படுத்தும் அதே அசிட்டாலிசிஸ் கலவைதான். செல்சுவரின் செல்லுலோஸை அது தின்றுவிடும், சிலிக்காவைத் தொடாது. அதனால்தான் இது வேலை செய்கிறது.

இது ஆபத்தான கலவை. பழகியவர் துணையில்லாமல் செய்யவே கூடாது. நச்சுப் புகையை வெளியே இழுக்கும் ஃப்யூம் ஹூட்டுக்குள், கையுறையும் கண்ணாடியும் அணிந்து, பனிக்கட்டிக் குளியலில் வைத்த அன்ஹைட்ரைடுக்குள் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நீர் பட்டால் கொதித்துத் தெறிக்கும். ஆகவே குப்பியும் கனியும் முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும். ஈரமான கனியை நேராகப் போடுவதுதான் இந்தப் படியில் நடக்கும் மோசமான தவறு. வேலை முடிந்ததும் நேராக நீரில் கழுவாமல், முதலில் தூய அசிட்டிக் அமிலத்தில் அலசி, பிறகு எத்தனாலுக்கு மாற்றுங்கள். பல நாடுகளில் அசிட்டிக் அன்ஹைட்ரைடு கட்டுப்படுத்தப்பட்ட பொருள். வாங்க அனுமதி தேவைப்படும், முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

எவ்வளவு நேரம்? சுவரின் தடிப்பைப் பொறுத்தது. சில மணி நேரத்தில் முடிவதும் உண்டு, ஒரு நாள் ஊற வேண்டியதும் உண்டு. ஒரு சிற்றினத்தின் உபரிக் கனிகளை வைத்து வெவ்வேறு நேரங்களில் ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். வெளிச்சுவர் போய், பக்கச்சுவர் இன்னும் நிற்கும் நேரம்தான் உங்களுக்கு வேண்டியது. பக்கச்சுவரும் போய்விட்டால் எந்தக் கூம்பு எந்தச் செல்லுக்குரியது என்று தெரியாது. ஊறவைத்த பிறகு எத்தனாலில் அல்ட்ராசோனிக்கில் சில நிமிடம் வைத்தால் தளர்ந்த சுவர் கழன்று விழும். இப்போது அந்தக் குளியல் உதவிக்கு வருகிறது. ஐந்தாம் படியில் நாம் பயந்தது இதற்குத்தான்.

அமிலம் கையாள வசதியில்லாதவர்கள், நன்றாக உலர்ந்த கனியின் மேல் ஒட்டுநாடாவை அழுத்தி உரித்துப் பார்க்கலாம். வெளிச்சுவர் திட்டுத் திட்டாகத்தான் வரும், ஆனாலும் கூம்பின் வடிவத்தைப் பார்க்கும் அளவுக்கு இடம் கிடைக்கும். எந்த முறை என்பதைப் படத்தின் பெயரிலேயே எழுதுங்கள்.

10. இரண்டாம் சுற்றுப் படங்கள்: சிலிக்கா

அதே உருப்பெருக்கம், அதே இடம். கூடவே ஒரு படம் ஸ்டப்பை 45 பாகை சாய்த்து. நேராக மேலிருந்து பார்த்தால் உயரமான கூம்பும் தட்டைக் குமிழும் ஒரே வட்டமாகத்தான் தெரியும்.

தெரிவது சிலிக்காதானா என்று உறுதிப்படுத்த எக்ஸ்ரே பகுப்பாய்வுக் கருவி இருந்தால் பயன்படுத்துங்கள். சிலிக்கான் 1.74 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் முகடு காட்டும். தங்கத்தின் முகடு 2.12-ல் பக்கத்திலேயே எழும் என்பதால், இந்தச் சோதனைக்கு மட்டும் ஒரு கனியைக் கார்பன் பூச்சோடு தனியாக வையுங்கள்.

11. பார்த்ததைச் சொல்லாக்குதல்

இங்கேதான் நிதானம் வேண்டும். "அழகிய வலைப்பின்னல்" என்று எழுதினால் அடுத்தவருக்குப் பயனில்லை. ஒரு செல்லை நான்கு கேள்விகளால் விவரியுங்கள்.

செல்லின் சுற்றுவடிவம்: எல்லாப் பக்கமும் ஏறக்குறைய சமமான ஐங்கோணம், அறுகோணமா, கனியின் நீளவாக்கில் நீண்டதா, குறுக்குவாக்கில் நீண்டதா? பக்கச்சுவர்: நேரா, அலையா, மேலே எழுந்து நிற்கிறதா, தாழ்ந்திருக்கிறதா? வெளிச்சுவர்: தட்டையா, குழிந்ததா, உப்பியதா? சிலிக்கா: செல்லுக்கு ஒரு கூம்பா, பலவா, நுனி கூரா, மழுங்கலா, நடுக்கூம்பைச் சுற்றிச் சிறு துணைக்கூம்புகள் இருக்கின்றனவா, கூம்பு நிற்கும் மேடை தட்டையா, குழிந்ததா?

திசையை எப்போதும் கனியின் நீள அச்சை வைத்துச் சொல்லுங்கள், படச் சட்டத்தை வைத்து அல்ல. எஸ்இஎம்மில் படத்தைச் சுழற்றும் வசதி உண்டு. இயக்குபவர் பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று சுழற்றிவிடுவார். நீள்செல் குறுக்குச் செல்லாகிவிடும். ஸ்டப்பில் போட்ட கீறல் இதற்காகத்தான்.

இதைவிட ஆழமான ஒரு குழப்பம் இருக்கிறது. கனியில் தெரியும் வரியின் திசையும் செல் நீண்டிருக்கும் திசையும் ஒன்றல்ல. பிக்ரியஸ் ஃபிளாவெசென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். செல்கள் கனியின் நீளவாக்கில் நீண்டவை. ஆனால் அவற்றின் குட்டையான முனைகள் பக்கத்துச் செல்களின் முனைகளோடு ஒரே மட்டத்தில் வரிசையாக அமைவதால், கண்ணுக்குத் தெரிவது குறுக்குவரிகள். ஃபிம்பிரிஸ்டைலிஸ் டைகோட்டோமாவில் நேர்மாறு. செல்கள் குறுக்குவாக்கில் நீண்டு, ஏணிப்படி போல ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி நிற்கும். முனைகள் சந்திக்கும் இடங்கள் சேர்ந்து கனியின் நீளவாக்கில் விலா எலும்பு போன்ற வரிகளாக எழும். ஸ்டீரியோவில் "குறுக்குவரி" என்று குறித்துக்கொண்டு, எஸ்இஎம் அட்டவணையில் "குறுக்குச்செல்" என்று நிரப்பியவர்கள் பலர். வரிக்கு ஒரு கட்டம், செல்லுக்கு ஒரு கட்டம் என்று தனித்தனியாக வையுங்கள்.

ஷோனோபிளெக்டியெல்லாவின் பல சிற்றினங்களில் தெரியும் குறுக்குச் சுருக்கம், பல செல்கள் சேர்ந்து அலையாக எழும் மேடு. தனிச்செல்லின் பண்போடு அதைக் கலக்காதீர்கள். மருக்களும் அப்படித்தான். ஃபிம்பிரிஸ்டைலிஸ் டைகோட்டோமாவில் சில கனிகளில் மரு இருக்கும், சிலவற்றில் இருக்காது. "மரு உண்டு" என்பதை மட்டும் நம்பிச் சிற்றினம் பிரித்தால் பிசகும்.

12. அளத்தல்

ஒரு கனியின் முக நடுவில் அடுத்தடுத்த பத்து செல்களின் நீளம், அகலம். தேர்ந்தெடுத்து அளக்காமல், ஒரு சிறு சதுரம் வரைந்து அதற்குள் முழுதாக இருக்கும் செல்களை அளங்கள். நீளத்தை அகலத்தால் வகுத்த விகிதம்தான் பெரும்பாலும் அதிகம் பேசும். கனியின் வளைவில் ஓரச் செல்கள் குறுகித் தெரியும் என்பதால் சதுரம் நடுவிலேயே இருக்கட்டும்.

கணக்கில் ஒரு எச்சரிக்கை: ஒரு கனியின் பத்து செல்கள் பத்து மாதிரிகள் அல்ல. செல்களின் சராசரியைக் கனிக்கு எடுத்து, கனிகளின் சராசரியைச் செடிக்கு எடுத்து, செடிகளை ஒப்பிடுங்கள். இல்லையென்றால் சின்ன வேறுபாடுகூடப் பெரிய வேறுபாடாகக் கணக்கில் வரும்.

13. பெயரை மறைத்துக் குறியிடுதல்

எல்லாப் படங்களுக்கும் எண் மட்டும் கொடுத்து, பெயர்ப் பட்டியலை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். பிறகு படங்களைக் கலைத்துப் போட்டுப் பண்புகளை நிரப்புங்கள். பெயர் தெரிந்தால் கண் எதிர்பார்ப்பதைத்தான் பார்க்கும். ஒரு வாரம் கழித்து இருபது படங்களை மறுபடி நிரப்பிப் பாருங்கள். எந்தப் பண்பில் உங்கள் பதிலே மாறுகிறதோ அந்தப் பண்பின் வரையறை சரியில்லை. திருத்துங்கள், அல்லது விட்டுவிடுங்கள். "லேசான அலை", "நடுத்தர அலை" போன்றவைதான் பெரும்பாலும் இப்படி விழும்.

எண் பண்புகளும் வகைப் பண்புகளும் கலந்த அட்டவணைக்கு, இரு வகையையும் சேர்த்து வேறுபாட்டை ஒரே எண்ணாகத் தரும் கோவர் தொலைவு பொருந்தும். அதை வைத்துக் குழுமரம் வரையலாம். அந்த மரம் ஒற்றுமையைத்தான் காட்டும், வம்சாவளியை அல்ல.

14. எந்த மட்டம் வரை நம்பலாம்

நெருங்கிய சிற்றினங்களைப் பிரிக்கவும், சிற்றினங்களைப் பிரிவுகளாகக் குழுவாக்கவும் இந்தப் பண்புகள் நன்றாக உதவும். பேரினத்தை முடிவு செய்ய இவற்றை மட்டும் நம்பக் கூடாது. சம அளவு அறுகோணச் செல்லும் நடுவில் ஒரு கூம்பும் தொடர்பில்லாத பல பேரினங்களில் தனித்தனியாகக் காணப்படுகின்றன. பிக்ரியஸும் கைலிங்காவும் கனியின் தட்டை வடிவத்தால் தனிப் பேரினங்களாக வைக்கப்பட்டிருந்தன. டிஎன்ஏ ஆய்வுகள் இரண்டையும் சைப்பெரஸுக்குள்ளேயே வைத்துவிட்டன. கனியின் தோல் அந்தச் செய்தியை முன்னமே சொல்லவில்லை.

மேற்பரப்பு தீர்க்காத இடத்தில் கனியை வெட்டிப் பாருங்கள். போல்போஷோனஸில் சிற்றினங்களைப் பிரிப்பது முக்கியமாகக் குறுக்குவெட்டில் தெரியும் கனித்தோல் அடுக்குகளின் தடிப்பு விகிதம்தான். வெளியடுக்கின் செல்கள் உயரமாக நீண்டிருக்கின்றனவா, குட்டையா என்பது வெளியிலிருந்து தெரியாது. பிளேடால் நடுவில் வெட்டி, வெட்டுமுகம் மேலே பார்க்க ஒட்டினால் போதும், புதிய கருவி எதுவும் வேண்டாம்.

15. திறவுகோலில் எழுதும்போது

அடையாளத் திறவுகோலின், அதாவது படிப்படியாகப் பண்புகளைப் பார்த்துச் சிற்றினத்தின் பெயரை அடையும் பட்டியலின், ஒவ்வொரு படியிலும் முதலில் ஸ்டீரியோவில் தெரியும் பண்பை வையுங்கள், எஸ்இஎம் பண்பை அதற்குப் பின்னால். வயல்வெளியில் செடியோடு நிற்பவரிடம் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் இருக்காது. "கனி முப்பட்டை, நீளவரிகள் 5 முதல் 9, செல் குறுக்குவாக்கில் நீண்டது, அகலம் நீளத்தைப்போல் இரு மடங்குக்கு மேல்" என்ற மாதிரி, எண்ணோடு எழுதுங்கள்.

சிலிக்காவைக் குறிப்பிடும் ஒவ்வொரு வரியிலும் "வெளிச்சுவர் நீக்கிய பின்" என்ற மூன்று சொற்களைச் சேருங்கள். படத் தகட்டிலும் அப்படியே: இடப்பக்கம் நீக்காதது, வலப்பக்கம் நீக்கியது, ஒரே செடியின் கனிகள், ஒரே அளவுகோல், ஹெர்பேரியம் தாளின் எண் அடியில்.